ஒழுகும் நீரும் ஓடாத வண்டியும்

மொறிஸ் மைனர் காரை அறியாத இலங்கைக் குடும்பம் அரிது. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948 இல் வெளிவந்த இச்சிறு வண்டி பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்தும், நம் நாட்டு வீதிகளில் அதனை இன்றும் காணலாம்.

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை செல்லும் நெடுஞ்சாலையிலுள்ள சித்தாண்டியில், நண்பகல் வெயிலில் ஓடும் அத்தகைய முதிய வண்டிக்குப் பெரும்பகை எது? நீர் ஒழுக்கே என்போம்.

எரியும் பெற்றோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை, இயந்திரத்தைச் சுற்றியோடும் நீரே றேடியேற்றருக்குக் கொண்டு செல்கிறது. நீர் குறைந்தால் சிலிண்டர்த் தலை கோணும், காஸ்கற் கருகும். ஓர் இறப்பர்க் குழாயின் விலையோடு முடியவேண்டிய காரியம், இயந்திரத்தையே பிரிக்கும் செலவாகிவிடும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. சூடாயிருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறத்தல் கூடாது. மைனர் 1000 வண்டியின் மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்குவது. அவ்வமுக்கத்தில் நீர் சுமார் 110 பாகை செல்சியசு வரை கொதிக்காதிருக்கும். மூடியைத் திறந்ததும் அமுக்கம் நீங்க, நீர் அக்கணமே கொதித்துச் சீறி முகத்தையும் கையையும் வேகவைக்கும்.

இயந்திரம் ஆறியபின் ஈரத்தைத் துடைத்து, கீழே கடதாசி விரித்து, நீரை நிரப்பி ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். மேற்குழாய், கீழ்க்குழாய், றேடியேற்றரின் ஈயப்பற்று, இயந்திர உடலிலுள்ள வட்டத் தகட்டு அடைப்புகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நோக்குக. தண்ணீர்ப் பம்பியின் அடியிலுள்ள சிறு துவாரத்தில் நீர் சொட்டினால், பம்பியின் உள்ளடைப்பு தேய்ந்துவிட்டது என்பது பொருள்.

பம்பிக்கும் சிலிண்டர்த் தலைக்கும் இடையிலுள்ள குறுங்குழாயைப் பலர் மறந்துவிடுவர். நேரான குழாயை மாற்றப் பம்பியைக் கழற்ற நேரும். துருத்திபோல் மடிப்புடைய குழாயாயின் அமுக்கிச் செருகிவிடலாம்.

வெளியே ஒழுக்கின்றி நீர் குறைகிறதா? எண்ணெய் பால்போல் வெளுத்தாலும், சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காவிட்டாலும் காஸ்கற்றையே ஐயுறவேண்டும். அது கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

மஞ்சள்தூளைக் கொட்டி ஒழுக்கை அடைக்கும் கைவைத்தியமும் உண்டு. அது றேடியேற்றரின் நுண்குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடும். வாவியோரக் கிணறுகளின் உவர்நீரும் ஆகாது. உப்பு இரும்பை அரிக்கும். காய்ச்சி வடித்த நீருடன் கூலன்ற் திரவத்தைக் கலப்பதே நன்று. பனி உறையாத நம் நாட்டுக்கு அது எதற்கு என்பாருளர். அது துருவையும் தடுக்கின்றது. ஆயினும், அத்திரவங்களிற் பல இனிப்புச் சுவையுள்ள கொடிய நஞ்சு. குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் எட்டாமல் வையுங்கள். சிந்தியதை உடனே கழுவுங்கள்.

காலையில் வண்டியின் அடியில் ஈரம் கண்டால், நீரை ஊற்றிப் புறப்படுமுன் காரணத்தைத் தேடுவோம். அவ்வாறு பேணினால், பாட்டனார் ஓட்டிய வண்டியைப் பேரனும் ஓட்டலாம்.