கான்சென்ட்ரேட் வாங்கினா காசு மிச்சமா? விஷயம் அளவுலதான் இருக்கு!

மாசச் செலவைக் குறைக்கணும்னு கிளீனிங் லிக்விடை கான்சென்ட்ரேட்டா வாங்குறோம். நல்ல முடிவுதான். ஆனா கண்ணளவுல ஊத்தினா அந்த லாபம் நேரா சாக்கடைக்குப் போயிடும்.

ஒரு கணக்கு பார்ப்போம் (விலை உதாரணத்துக்கு மட்டும்). 500 மி.லி. ரெடிமேட் கிச்சன் ஸ்ப்ரே 100 ரூபாய். அதாவது லிட்டருக்கு 200. ஒரு லிட்டர் கான்சென்ட்ரேட் 420 ரூபாய். லேபிள்ல 1:20னு இருக்கு. 1 பங்கு லிக்விடுக்கு 20 பங்கு தண்ணி, மொத்தம் 21 லிட்டர். லிட்டருக்கு 20 ரூபாய்தான்! இதையே 1:10ஆ கலந்தா 11 லிட்டர்தான் வரும். லிட்டருக்கு சுமார் 38 ரூபாய். அதுக்காக இரண்டு மடங்கு சுத்தமும் ஆகாது. பிசுபிசுப்பு தங்கி தூசிதான் ஒட்டும்.

எப்படிக் கலக்கணும்?

1. 500 மி.லி. பாட்டிலுக்கு, 1:20 அளவுன்னா, லிக்விட் 24 மி.லி., மீதி தண்ணி. பழைய சிரப் மூடியால அளக்கலாம். அதை மறுபடி மருந்துக்கு எடுக்காதீங்க.

2. முதல்ல தண்ணி, அப்புறம் லிக்விட். நுரை பொங்காது, கண்ல தெறிக்காது.

3. பிளீச்சையும் ஆசிட் டாய்லெட் கிளீனரையும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து.

4. குடிதண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க. ரூம்மேட் தெரியாம குடிச்சுட்டா, ஆஸ்பத்திரி பில் முன்னாடி இந்தச் சேமிப்பு ஒண்ணுமே இல்ல. பேர் எழுதி ஒட்டுங்க.

அடுத்த தடவை கடையில பாட்டில் விலையைப் பார்க்காதீங்க. கலந்த பிறகு லிட்டருக்கு எவ்வளவுன்னு பாருங்க.