கேக்கின் மேல் ஒரு நீலமலை

குழந்தையின் பிறந்தநாள் என்றால், கோயிலில் ஓர் அருச்சனையும் வீட்டில் பாயசமும் போதுமென்றிருந்தது ஒரு காலம். இன்று நம் இல்லங்களில் அவற்றோடு கேக்கும் சேர்ந்துகொண்டது. அதன்மேல் காடோ கடலோ இரயிலோ காட்சியாக அமைய வேண்டுமெனக் குழந்தைகள் விரும்புகின்றனர். கடையில் சொல்லிச் செய்வித்தால் செலவு மிகும். நம் கையாலேயே, முழுவதும் உண்ணத்தக்க பொருள்களைக் கொண்டு அதனை அமைத்தல் கூடும்.

பெங்களூருக்கு இக்கலை புதிதன்று. முத்துசாமி முதலியார் 1905-இல் தொடங்கிய நீலகிரீஸ் நிறுவனம் 1936-இல் பிரிகேட் சாலையில் கடை திறந்தது. 1970களில் இந்நகரில் தொடங்கிய டிசம்பர் மாதக் கேக் கண்காட்சியில், சர்க்கரையால் செய்த மாளிகைகளைக் காண மக்கள் திரளுகின்றனர்.

இரயில்வே அலுவலில் இருக்கும் எனக்கு, காட்சி என்றவுடன் நினைவுக்கு வருவது நீலகிரி மலை இரயிலே. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் சென்ற அப்பாதையின் நீளம் ஏறக்குறைய 46 கிலோமீட்டர். 2005-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இங்கேயே பிறந்து அம்மலையைக் கண்டிராத நம் குழந்தைகளுக்கு அதனைத் தட்டிலே காட்டலாம் அல்லவா?

மேற்பூச்சில்லாத வெற்றுக் கேக்குகள் இரண்டை ஐயங்கார் பேக்கரியில் வாங்கிக்கொள்க. ஒன்று நிலமாகட்டும், மற்றதை வெட்டிப் படிப்படியாக அடுக்கினால் மலையாகும். வெண்ணெய் ஒரு பங்கும், பொடித்துச் சலித்த சர்க்கரை இரண்டு பங்குமாகக் குழைத்து மேலே பூசுக. உலர்ந்த தேங்காய்த் துருவலில் பசலைக்கீரைச் சாற்றைச் சிறிது பிசறி, இளஞ்சூட்டில் ஈரம் போக வறட்டித் தூவினால் அது புல்வெளி. பச்சை நிறக் குழைவைச் சிறு பொட்டுகளாக வரிசை வரிசையாக வைத்தால் தேயிலைத் தோட்டம். சாக்லேட் பிஸ்கட்டைப் பொடித்தால் செம்மையான கருமண்.

ஓடைக்கு மன்னார் வளைகுடாவில் விளையும் கடற்பாசி உதவும். கடைகளில் சைனா கிராஸ் என்று கேட்டால் கிடைக்கும். 400 மில்லி நீரில் 4 கிராம் இட்டு, முற்றிலும் கரையும்வரை கொதிக்கவிட்டுச் சர்க்கரை சேர்க்க. சங்குப்பூ ஊறிய நீர் நீலம் தரும்; எலுமிச்சைச் சாறு பட்டால் அது ஊதாவாக மாறிவிடும். இதனைத் தட்டில் ஊற்றி, உறைந்தபின் வெட்டி வைக்க வேண்டும். சுடச்சுடக் கேக்கின்மேல் ஊற்றினால் பூச்சு உருகிப் போகும்.

பிஸ்கட் துண்டுகள் குறுக்குக் கட்டைகளாகவும், சாக்லேட் கீற்றுகள் தண்டவாளங்களாகவும் அமையட்டும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, செங்குத்தான ஏற்றத்தில் இரயில் வழுக்காதிருக்கப் பாதையின் நடுவே பற்களுள்ள தண்டு பதித்திருக்கிறார்கள். அதற்கு ஓமப்பொடி பொருத்தம். அது ஏன் என்று குழந்தை கேட்கும். அப்போது விளக்கிச் சொல்லுங்கள்.

தாய்மார்கள் கருத்தில் கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. 2024-இல் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை பெங்களூரில் ஆய்ந்த 235 கேக் மாதிரிகளில் 12 மாதிரிகளில் செயற்கை நிறம் அபாய அளவில் இருந்தது. அனுமதி பெற்ற செயற்கை நிறமும் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. கண்ணைப் பறிக்கும் நிறம் வேண்டுமென்று நாம் கேட்கக் கேட்க, கடைக்காரரும் கூட்டிக்கொண்டே போவார். கீரையும் பீட்ரூட்டும் மஞ்சளும் தரும் மங்கிய நிறமே குழந்தைக்கு நன்று. மினுக்குப்பொடியில் “நச்சற்றது” என்றிருந்தால் மட்டும் போதாது. “உண்ணத்தக்கது” என்றிருத்தல் வேண்டும். அழகுக்காக அரளிப்பூவைச் செருகாதீர்கள், அது நஞ்சு. தொண்டையில் சிக்கும் கல்கண்டையும், குத்தும் குச்சிகளையும் சிறு பிள்ளைகளின் கேக்கில் வைக்க வேண்டாம்.

நீலமலைதான் வேண்டுமென்பதில்லை. தருமபுரிப் பக்கத்தார் ஒகேனக்கல் அருவியை அமைக்கலாம். தேங்காய்ப்பால் கலந்த கடற்பாசி வெள்ளை அருவியாக விழும். காவிரி கன்னடத்தாருக்கும் நமக்கும் பொதுவானவள். அடுத்த வீட்டுக் கன்னடக் குழந்தையையும் அழைத்து முதல் துண்டை அதற்குக் கொடுங்கள்.