நீளச் சொல்லின் மூட்டுகள்

டேனிஷ் மொழியில் கூட்டுச்சொற்களை இடைவெளியின்றி ஒட்டியே எழுதுவார்கள். எவ்வளவு நீண்டாலும் சொல் குழம்பிவிடாது. எங்கே மூட்டு என்பதை உச்சரிப்பே காட்டிக்கொடுக்கிறது.

'ரோத்' என்றால் சிவப்பு; 'வீன்' என்றால் திராட்சை மது. இரண்டையும் பிரித்து, இரண்டிலும் அழுத்தம் கொடுத்துச் சொன்னால் சிவப்பு நிறமுள்ள மது. சேர்த்து 'ரோத்வீன்' என்றால் ரெட் வைன் என்ற வகை. முதன்மை அழுத்தம் ரோத் மீது, துணை அழுத்தம் வீன் மீது. அதோடு 'கிளாஸ்' சேர்ந்து 'ரோத்வீன்ஸ்கிளாஸ்' ஆகும்போது, துணை அழுத்தம் கிளாஸுக்கு நகர, வீன் அடங்கிவிடும். இது சிவப்பான வைன் கிளாஸ் அல்ல, ரெட் வைனுக்கான கிளாஸ் என்று காது புரிந்துகொள்கிறது. நடுவிலுள்ள 'ஸ்' நம் இலக்கணத்துச் சாரியையைப் போன்றது. வெறும் 'வீன்கிளாஸ்' சொல்லில் அது இல்லை; முன்னுறுப்பு ஏற்கெனவே கூட்டுச்சொல்லாக இருந்தால் பெரும்பாலும் வரும். வரியின் முடிவில் சொல்லை உடைக்க நேர்ந்தால் 'ஸ்' முன்பகுதியோடு நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது அடையாளம்: 'ஸ்டோத்'. உயிரொலியின் நடுவே குரல்நாண்கள் சட்டென இறுகி, குரல் ஒரு கணம் கரகரக்கும். தனியே நிற்கும் வீனில் அது உண்டு. வீன்கிளாஸில் அந்த இறுக்கம் மறைந்துவிடும். இறுக்கமில்லாத வீன் காதில் விழுந்ததுமே, சொல் இன்னும் முடியவில்லை என்று டேனிஷ்காரருக்குத் தெரிந்துவிடுகிறது!

இனி அலுவல் வழக்கில் புழங்கிய 51 எழுத்துச் சொல்லைப் பாருங்கள்: ஸ்பெஷல்லேயெபிராக்ஸிஸ்பிளான்லெக்னிங்ஸ்ஸ்டபிலிஸேரிங்ஸ்பெரியோதெ. முதல் உறுப்பில்தான் முதன்மை அழுத்தம், ஆனால் முதல் அசையில் அல்ல. 'ஸ்பெஷல்' லத்தீன் வழி வந்த சொல் என்பதால் அழுத்தம் 'ஷல்' மீது விழுகிறது. அந்தந்த உறுப்பின் சொந்த அழுத்த அசைதான் கணக்கு. பின்னால் வருபவற்றில் பிராக்ஸிஸில் 'பிராக்', பிளான்லெக்னிங்கில் 'பிளான்', ஸ்டபிலிஸேரிங்கில் 'ஸே', பெரியோதெயில் 'யோ' ஆகியவை சற்றே தலைதூக்கும். இரு 'ஸ்'களும் இரு பெரிய மூட்டுகள்.

பொருளுக்கு வலக்கோடியிலிருந்து வாருங்கள். பெரியோதெ என்றால் காலம். என்ன காலம்? நிலைப்படுத்தும் காலம். எதை? திட்டமிடலை. எதற்கான திட்டமிடல்? சிறப்பு மருத்துவர்களின் மருத்துவத் தொழிலுக்கானது.