கடலடிப் பாதை யாருக்கு?

வேப்பந்தட்டை மக்காச்சோளத்தை ஏற்றிக்கொண்டு லாரிக்காரர் மும்பை வரை போகலாம். அங்கே கடலோரச் சாலையின் சுரங்கத்துள் மட்டும் நுழையக்கூடாது! மலபார் குன்றின் கீழும் கடலடியிலுமாக, 2 கிலோமீட்டருக்கு மேல் குடைந்த இரட்டைச் சுரங்கம் அது. 2024 மார்ச்சில் ஒரு பாதையும், ஜூனில் மறு பாதையும் திறந்தன. 12 மீட்டர் விட்டமுள்ள எந்திரம் பாறையைத் துளைத்தது. பொறியாளர் திறமையை மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், சாலைத் திட்டத்தில் 12,000 கோடி ரூபாய்க்கு மேல் கொட்டிவிட்டு, சரக்கு லாரிக்கும் ஸ்கூட்டருக்கும் தடைப்பலகை மாட்டுவதா? கார்க்காரர் பறக்க, ஸ்கூட்டர் தொழிலாளி பழைய நெரிசலில் வேகவேண்டுமா? சுரங்கத்தில் தீப்பிடித்தால் ஆபத்து என்பர். உண்மைதான். ஆயினும் ஹாங்காங் துறைமுகத்தின் அடியில் 1972-இல் திறந்த சுரங்கத்தில் லாரியும் போகிறது, மோட்டார் சைக்கிளும் போகிறதே! அங்கே முடிந்த காவல் ஏற்பாடு இங்கே முடியாதா? நம் பெரம்பலூர்–ஆத்தூர் சாலையில் லாரியும் காரும் சேர்ந்தேதான் ஓடுகின்றன.