வேலைக் களைப்பும் வீட்டுக் கணக்கும் விட்டுப்போன மாத்திரையும்

தலையிடி, நித்திரையின்மை, நெஞ்செரிவு, உடம்பு உளைவு. லண்டனிலும் அதனைச் சூழவும் வசிக்கும் எம்மவர்கள் குடும்ப வைத்தியரிடம் அடிக்கடி சொல்லும் முறைப்பாடுகள் இவை. இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் பல தடவைகளில் பெரிதாக ஒன்றும் இருக்காது. "வேலை எப்படிப் போகுது, வீட்டில் எல்லாரும் சுகமோ?" என்று கேட்டால், "அதெல்லாம் பிரச்சினை இல்லை டொக்டர், தலையிடிக்கு மட்டும் ஏதும் தாங்கோ" என்பார்கள். எழுந்து கதவுப் பிடியில் கை வைக்கும்போதுதான் உண்மை வரும். மோட்கேஜ் இரண்டு மாதம் பிந்திவிட்டது. மனைவியுடன் முகம் கொடுத்துப் பேசி வாரக்கணக்காகிறது. இரவு வேலை முடித்து வந்து படுத்தால் கண் மூடுவதில்லை.

வார இறுதியில் நண்பர்கள் கூடினால் நாம் பேசாத விடயம் இல்லை. மனேச்சரின் அநியாயம், கூடிப்போன மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் டியூசன் செலவு எல்லாம் வரும். ஆனால், "எனக்கு இவ்வளவு கடன் இருக்கிறது", "எங்கள் வீட்டில் எல்லா வேலையும் அவள் ஒருத்தியின் தலையில்தான்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? முறைப்பாடு சொல்கிறோம், கணக்குச் சொல்வதில்லை. சொல்லாத அந்தக் கணக்கை உடம்பு சுமக்கிறது.

"ஊரில் ஷெல்லடிக்குத் தப்பி வந்த எங்களுக்கு இதுவும் ஒரு கஷ்டமா?" என்று எம்மில் பலர் நினைக்கிறோம். அகதியாக வந்து, ஒற்றை அறையில் நான்கு பேர் படுத்தெழும்பி, ஒன்றிலிருந்து தொடங்கியவர்கள் நாம். ஆனால் அன்றைய துன்பம் பெரிது என்பதற்காக இன்றைய துன்பத்தை உடம்பு தள்ளுபடி செய்வதில்லை.

வேலை: எத்தனை மணித்தியாலம்?

பகலில் கடையிலோ பெற்றோல் நிலையத்திலோ ஒரு வேலை, இரவில் களஞ்சியத்திலோ பாதுகாப்புப் பணியிலோ இன்னொரு வேலை. இப்படி உழைப்பவர்கள் எம்மிடையே அதிகம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்தில் 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்பவர்களோடு ஒப்பிடும்போது, 55 மணித்தியாலமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் ஏற்படும் ஆபத்து 35 வீதம் அதிகம். மாரடைப்பு போன்ற இருதய நோயால் இறக்கும் ஆபத்து 17 வீதம் அதிகம். தென்னாசியரான எமக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏற்கெனவே வெள்ளையரை விட 2 முதல் 4 மடங்கு கூடியது. இரண்டும் சேர்ந்தால் என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை.

எமது உரிமைகளையும் நாம் அறிந்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் 1998ஆம் ஆண்டின் வேலைநேரச் சட்டவிதிகளின்படி, நீங்களாக எழுத்தில் சம்மதித்தால் அன்றி சராசரியாக வாரம் 48 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்க முடியாது. ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் 20 நிமிட ஓய்வு உண்டு. வருடத்துக்கு 5.6 கிழமைகள் சம்பளத்துடனான விடுமுறை உண்டு. இரவு வேலை செய்பவருக்கு முதலாளி இலவச உடல்நலப் பரிசோதனைக்கு வாய்ப்புத் தரவேண்டும். இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கும் எம்மவர் மிகக் குறைவு.

வீட்டு வேலை: கணக்கில் வராத ஷிஃப்ட்

முதியோர் இல்லத்தில் எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு வரும் பெண்ணுக்கு, வாசற்படியில் இரண்டாவது ஷிஃப்ட் தொடங்குகிறது. சோறு கறி, பாத்திரம், உடுப்புத் தோய்த்தல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மாமியின் மருந்து. இது எமது சமூகத்தில் மட்டும் உள்ள குறை அல்ல. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் பெண்கள் வாரத்துக்குச் சராசரியாக 26 மணித்தியாலமும் ஆண்கள் 16 மணித்தியாலமும் செலவிடுவதாக இந்நாட்டின் தேசிய புள்ளிவிபர அலுவலகம் 2016இல் கணக்கிட்டது.

"எந்நேரமும் களைப்பு" என்று வரும் பெண்களுக்கு இரத்தசோகை, தைரொயிட், நீரிழிவு, விற்றமின் டி ஆகியவற்றைப் பார்ப்பது அவசியம். எல்லாம் சரியாக இருந்தும் களைப்பு மாறவில்லை என்றால், ஓய்வுக்கு நேரமில்லாததுதான் காரணமாக இருக்கலாம். அதற்கு மருந்துக்கடையில் குளிசை இல்லை.

ஒரு தாளில் வீட்டு வேலைகள் அனைத்தையும் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் இப்போது யார் செய்கிறார் என்று பக்கத்தில் குறியுங்கள். பார்த்தவுடன் பல கணவன்மார் தாமாகவே மூன்று நான்கு வேலைகளைப் பொறுப்பெடுப்பார்கள். "உதவி செய்கிறேன்" என்று அல்ல, "இது என்னுடைய வேலை" என்று எடுக்க வேண்டும். மகளுக்குக் கொடுக்கும் வேலையை மகனுக்கும் கொடுங்கள். பதினைந்து வயதுப் பையனுக்குப் பருப்பு அவிக்கத் தெரிந்தால் குறைந்துவிட மாட்டான்.

காசு: சீட்டும் கடனும்

வங்கி எம்மை நம்பாத காலத்தில் எம்மைத் தூக்கி நிறுத்தியது சீட்டு. இருபது பேர், மாதம் 500 பவுண். முதல் வீட்டுக்கு வைப்புப் பணமும் கடைக்கு முதலும் பலருக்கு அதில்தான் வந்தன. ஆனால் கடனட்டையை அடைக்க அவசரமாகச் சீட்டு எடுப்பவரின் கணக்கு வேறு. 10,000 பவுண் சீட்டை 1,500 கழிவு கூறி எடுத்தால் கைக்கு வருவது 8,500. மீதி மாதங்களிலும் தவணை கட்டியாக வேண்டும். ஒரு மாதம் தவறினால் முறிவது நட்பு. வங்கியில் வைக்கும் பணத்துக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு சீட்டுப் பணத்துக்குக் கிடையாது.

இதன்மேல் ஊருக்கு அனுப்பும் காசு, மண்டபம் பிடித்துச் செய்யும் சாமத்தியச் சடங்கு, வாரத்துக்கொரு விழாவுக்கு வைக்கும் என்வலப். இவற்றைக் குறைக்க வெட்கப்படும் நாம், மருந்தைக் குறைக்கிறோம். "ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறன் டொக்டர்" என்று பிறஷர் குளிசை பற்றிச் சொல்பவர்கள் உண்டு. நோவு இல்லாததால் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும். உயர் குருதி அழுத்தம் அப்படித்தான், பக்கவாதம் வரும் நாள் வரை பேசாது.

காசுக்காக மருந்தை விடவேண்டிய தேவை இல்லை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் வைத்தியர் எழுதித்தரும் மருந்து இலவசம். இங்கிலாந்தில் 60 வயதானவர்களுக்கும், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் இலவசம். நீரிழிவுக்காரர் எமது கிளினிக்குகளில் விண்ணப்பம் நிரப்பி மருத்துவ விலக்குச் சான்றிதழ் எடுத்தால், பிறஷர் குளிசை உட்பட எழுதித்தரும் எல்லா மருந்துக்கும் கட்டணம் இல்லை. ஏனையோர் பிறீபேமென்ட் சேர்ட்டிபிக்கேற் எனப்படும் முற்கொடுப்பனவுச் சான்றிதழை வாங்கலாம். மாதந்தோறும் இரண்டு மூன்று மருந்து வாங்குபவருக்கு இது மலிவு. வருடச் சான்றிதழைப் பத்துத் தவணைகளில் கட்டலாம்.

கடன் கழுத்தை நெரித்தால், இன்னொரு கடன் எடுக்குமுன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அல்லது ஸ்டெப்சேஞ்ச் போன்ற இலவச ஆலோசனைச் சேவைகளை நாடுங்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021 மே மாதம் முதல் பிரீதிங் ஸ்பேஸ் என்ற சட்டத் திட்டம் உள்ளது. தகுதியுள்ளவருக்குக் கடன் ஆலோசகர் ஊடாக 60 நாள் அவகாசம் கிடைக்கும். அக்காலத்தில் பெரும்பாலான கடன்களுக்கு வட்டியும் அபராதமும் ஏறாது, அறவிடும் நடவடிக்கையும் நிறுத்தப்படும்.

நண்பர்கள் என்ன செய்யலாம்?

கூடும் இடத்தில் போத்தலைத் திறந்துதான் மனதைத் திறக்க வேண்டும் என்பதில்லை. ஆணோ பெண்ணோ வாரத்துக்கு 14 அலகு மதுவுக்கு மேல் வேண்டாம் என்பது இந்நாட்டு ஆலோசனை. 700 மில்லிலீற்றர் விஸ்கிப் போத்தல் ஒன்றில் 28 அலகு உண்டு. அரைப்போத்தல் குடித்தால் அந்த வார அளவு முடிந்தது. மது நித்திரையையும் கெடுக்கும், பிறஷரையும் ஏற்றும்.

பதிலுக்கு, ஒருவர் முதலில் பேசத் தொடங்க வேண்டும். "மச்சான், இந்த முறை சீட்டுக்கு என்னால ஏலாது." "அக்கா, பிறந்தநாளை வீட்டிலேயே சின்னனாச் செய்வம்." ஒருவர் சொன்னால், மனதுக்குள் ஆறுதல் அடைபவர்கள் அங்கே நான்கு பேர் இருப்பார்கள். நண்பர் சொல்லும்போது புத்திமதி கூறாமல், ஒப்பிடாமல், மற்றவரிடம் காவாமல் கேட்பதே பெரிய உதவி.

எப்போது வைத்தியரிடம் வரவேண்டும்?

- வீட்டில் அளக்கும் குருதி அழுத்தம் தொடர்ந்து 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால்.
- இரண்டு வாரத்துக்கு மேலாக மனச்சோர்வு, எதிலும் நாட்டமின்மை, நித்திரைக் குழப்பம் இருந்தால்.
- இங்கிலாந்தில் 40 முதல் 74 வயதுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவச உடற்பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதத்தை மேசையில் போட்டு வைக்காதீர்கள்.
- நெஞ்சை அழுத்தும் நோவு, முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் என்றால் உடனே 999.
- வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் 111ஐ அழைத்து மனநலத் தெரிவைக் கேளுங்கள். 116 123 இலக்கத்தில் சமாரிட்டன்ஸ் அமைப்பினர் இரவு பகலாக இருக்கிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.

இங்கிலாந்தில் டோக்கிங் தெரப்பீஸ் என்னும் இலவச மனநல ஆலோசனைக்கு வைத்தியரின் கடிதம் இன்றி நீங்களே விண்ணப்பிக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்து வராதீர்கள். தகப்பனின் கடனையும் தாயின் கண்ணீரையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லக்கூடாது.

"தமிழ் டொக்டரிடம் சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்" என்ற பயமும் உண்டு. வைத்தியர் எந்த மொழி பேசினாலும் நோயாளியின் இரகசியத்தைக் காப்பது அவரது தொழிற்கடமை. உயிராபத்துப் போன்ற மிக அரிதான சூழ்நிலைகளில் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. ஆகவே அடுத்த தடவை வரும்போது தலையிடியோடு நின்றுவிடாமல், வேலை, வீடு, காசு மூன்றையும் இருக்கையில் அமர்ந்தவுடனேயே சொல்லுங்கள். சந்திப்புக்குத் தரப்படும் நேரம் சிறிது. அந்த நிமிடங்களை உண்மையான வருத்தத்துக்குப் பயன்படுத்துவோம்.