முதல் தவணையில் மெலிந்து வரும் பிள்ளை

தோட்டத்துப் பிள்ளை ஒன்றுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், பொழுது சாய்வதற்குள் அந்தச் செய்தி எல்லா லயங்களுக்கும் போய்விடுகிறது. கோயிலில் அர்ச்சனை நடக்கிறது. பெட்டி வாங்கப் பணம் சேருகிறது. நான்கு மாதம் கழித்து அதே பிள்ளை மெலிந்து, பேச்சுக் குறைந்து, இரவில் விழித்துப் பகலில் படுத்துக் கிடந்தால், "படிப்பு ஏறித் திமிர் வந்துவிட்டது" என்கிறோம். அல்லது "சோம்பேறியாகிவிட்டது" என்கிறோம். இரண்டும் பெரும்பாலும் தவறு.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக்கு மாறுகிறது. பல்கலைக்கழகத்தில், குறிப்பாக அறிவியல் துறைகளில், நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. பட்டணத்துப் பிள்ளை ஒரு மணியில் முடிக்கும் பக்கங்களுக்கு இதற்கு இரண்டு மணி ஆகலாம். நம் நாட்டில் ஒரு 'கிரெடிட்' என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. விரிவுரை, தனிப்படிப்பு, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். ஒரு தவணைக்கு 15 கிரெடிட் எடுத்தால் 600 மணி. 17 வாரங்களுக்குப் பங்கிட்டால் வாரம் 35 மணிக்கு மேல் வருகிறது. இதோடு இரவில் சாப்பாட்டுக் கடையில் வேலையும் பார்த்தால், தூக்கத்தில்தான் கைவைக்க வேண்டியிருக்கும். 1997இல் அமைக்கப்பட்ட தேசிய உயர்கல்விக் கடன் நிதி கைகொடுக்கிறது, உண்மைதான். அந்தக் கடனிலும் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்பிவிடும் பிள்ளைகளை நான் அறிவேன்.

கற்பிக்கும் முறையும் சேர்ந்துகொள்கிறது. பெரிய விரிவுரை மண்டபத்தில் கைதூக்கிச் சந்தேகம் கேட்க நம் பிள்ளை கூசுகிறது. சிறு குழுவில் அமர்த்தி, எழுதியதை உடனே திருத்தித் தரும் விரிவுரையாளர் வாய்த்தால், தவறு சிறியதாக இருக்கும்போதே தெரிந்துவிடும். தவணை முடிவில் மதிப்பெண் மட்டும் வந்தால், அதுவரை தான் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாது. உழைப்பைவிட இந்தத் தெரியாமைதான் ஆளை அரிக்கிறது என்பது என் எண்ணம்.

மனம் அஞ்சும்போது, சிறுநீரகத்தின்மேல் அமர்ந்துள்ள சுரப்பி கார்ட்டிசோல் என்னும் நீரைச் சுரக்கிறது. தேர்வு நாளன்று அது நல்லதே, விழிப்பைத் தரும். மாதக்கணக்கில் ஓயாமல் மிகுந்தால் தூக்கமும் பசியும் கெடும், நினைவும் தடுமாறும். பகலில் படித்ததை மூளை உறுதியாகப் பதித்துக்கொள்ளத் தூக்கம் வேண்டும். ஆகவே விழித்து விழித்துப் படித்தும் படித்தது நிற்பதில்லை. பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டிய மரத்தை ஆசைப்பட்டு நாள்தோறும் வெட்டினால், பட்டை வறண்டு பால் நின்றுபோகும். ஓய்வு கொடுத்தால் சில மரங்கள் மீளும்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி முதல் தவணையில் கணிதத்தில் தோற்றாள். வீட்டில் சொல்லவில்லை. தகப்பனார் ஞாயிறு காலைதோறும் தொலைபேசியில், "எத்தனை மார்க்கு?" என்றுதான் தொடங்குவார். "நல்லாத்தான் இருக்குப்பா" என்பாள். பிறகு தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டாள். பயந்துபோன தாய் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. தோற்ற பாடத்தைத் திரும்ப எடுக்கலாம், உடலோ மனமோ சரியில்லாவிட்டால் மருத்துவச் சான்றுடன் தவணையை ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம் என்பதெல்லாம் அந்தக் குடும்பத்துக்கு அன்றுவரை தெரியாது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு ஆலோசனைப் பிரிவு உண்டு. அங்கே போவதை நம்மில் சிலர் பைத்தியம் என்று பேசுகிறார்கள். காய்ச்சலுக்குக் கிளினிக் போவது போன்றதுதான் அது. 1970 முதல் கோலாலம்பூரில் இயங்கும் பிஃபிரண்டர்ஸ் அமைப்பினரும் இரவுபகல் எந்நேரமும் தொலைபேசியில் செவிகொடுக்கிறார்கள். "செத்துப்போகலாம்போல இருக்கு" என்று பிள்ளை ஒருமுறை சொன்னாலும் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே விடாமல், அன்றே ஒருவர் அருகில் போய் இருக்க வேண்டும்.

அந்த மாணவி கணிதத்தை மீண்டும் எடுத்துத் தேறினாள். ஞாயிறு காலையில் தகப்பனார் இப்போது முதலில் கேட்பது, "பசியாறிட்டியாம்மா? ராத்திரி தூங்கினியா?" என்றுதான். மார்க்கை அவளே சொல்லிவிடுகிறாள்.