துயரத்திற்கும் ஓர் அளவுகோல்

மனிதப் பிறவி எடுத்த எவருக்கும் இன்பமும் துன்பமும் மாறி மாறி வருவது இயற்கை. இரண்டையும் சமமாகக் கொள்ளும் மனமே உயர்ந்தது எனப் பகவத் கீதை போதிக்கிறது. துன்பத்தில் கலங்காதிருப்பதற்கென்றே ‘இடுக்கண் அழியாமை’ என ஓர் அதிகாரத்தைத் திருவள்ளுவர் வகுத்தார். அப்படியிருக்க, துயரத்தை அளந்து, நாட்டுக்கு நாடு ஒப்பிட்டுப் பட்டியல் போடுவது எதற்காக என்ற கேள்வி பக்தர்களுக்கு எழக்கூடும். விடை காணுமுன், அந்த அளவீடு எப்படி நடைபெறுகிறது என்பதை அறிந்துகொள்வோம்.

இரண்டு கேள்விகள்

அமெரிக்காவின் கேலப் நிறுவனம் 140க்கும் மேற்பட்ட நாடுகளில் மக்களைப் பேட்டி கண்டு வருகிறது. பெரும்பாலான நாடுகளில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சுமார் 1,000 பேரிடம் கேள்விகள் கேட்கப்படுகின்றன. அவற்றுள் இருவகை முக்கியமானவை.

முதலாவது ஏணிக் கேள்வி. ஹேட்லி கேன்ட்ரில் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1965ஆம் ஆண்டு நூலில் விளக்கிய முறை இது. ஏணியின் அடி 0, உச்சி 10. உச்சி என்பது உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. இன்று எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கையின் தரவரிசை இந்தப் பதில்களைக் கொண்டே அமைகிறது. அதில் 2018 முதல் 2025 வரை தொடர்ந்து முதலிடம் பெற்றது பின்லாந்து.

இரண்டாவது, நேற்றைய நாளைப் பற்றியது. நேற்றுப் பெரும்பொழுது கவலை, சோகம், மன உளைச்சல், கோபம், உடல்வலி இருந்ததா? நன்றாகச் சிரித்தீர்களா? பிறர் உங்களை மரியாதையாக நடத்தினார்களா? ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்றால் போதும்.

இரண்டும் ஒரே விடையைத் தருவதில்லை. சிரிப்பு, களிப்பு போன்றவற்றைக் கேட்கும்போது பின்லாந்தைவிட வருமானம் மிகக் குறைந்த பராகுவே போன்ற தென்னமெரிக்க நாடுகள் பல ஆண்டுகள் முன்னணியில் நின்றன. வாழ்க்கையை எடைபோட்டுச் சொல்வது வேறு. அன்றாடம் மனம் படும் பாடு வேறு.

சொல்லும் மௌனமும்

இதில் மொழியின் சிக்கலும் உண்டு. தமிழில் ‘துக்கம்’ என்றால் பலருக்கு இழவு வீடுதான் நினைவுக்கு வரும். ‘வருத்தம்’ என்றால் சிறு மனத்தாங்கலாகவும் இருக்கலாம். எந்தச் சொல்லால் கேட்கிறோமோ அதற்கேற்பப் பதிலும் மாறும். வாய்விட்டுச் சொல்லும் பழக்கமும் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

நம் சிங்கப்பூரே இதற்குச் சான்று. 2009 முதல் 2011 வரை திரட்டிய பதில்களைக் கொண்டு கேலப் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கில், நல்லதோ கெட்டதோ ஏதேனும் உணர்ச்சியை அனுபவித்ததாகச் சொன்னவர்களின் சராசரி இங்கே 36 விழுக்காடு மட்டுமே. பட்டியலிலேயே மிகக் குறைந்த அளவு இதுதான். பிலிப்பீன்சில் அது 60 விழுக்காடு. நமக்கு உணர்ச்சியே இல்லை என்று இதற்குப் பொருளா? சொல்லாமல் உள்ளே வைத்துக்கொள்கிறோம் என்றும் கொள்ளலாம் அல்லவா? மனநலக் கழகம் 2016இல் நடத்திய ஆய்வின்படி, இங்கு ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு ஏற்பட்டுள்ளது. அவர்களில் முக்கால் பங்கிற்கும் மேலானோர் எந்த உதவியையும் நாடவில்லை.

யாருக்காக அளக்கிறோம்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்வது தவம். பிறர் துன்பத்தை, ‘அதுவும் கடந்து போகும்’ என்று விட்டுவிடுவது தவமாகாது. சமநோக்கு என்பது நம் மனத்துக்கு நாம் விதித்துக்கொள்ளும் நெறி. அடுத்தவர் கண்ணீரைக் காணாதிருக்கப் பெற்ற அனுமதி அன்று. அளவீடு அவர்களுக்காகவே தேவைப்படுகிறது.

ஏணியில் மேலே நிற்கும் நாடுகளுக்கும் கீழே நிற்கும் நாடுகளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க, வருமானம், உடல்நலம் ஆகியவற்றுடன் வேறொன்றையும் அறிக்கை கணக்கில் கொள்கிறது. இக்கட்டான வேளையில் நம்பி உதவி கேட்க உங்களுக்கு ஆள் உண்டா என்பதே அது. 2025ஆம் ஆண்டு அறிக்கை இன்னொன்றையும் எடுத்துக்காட்டியது: பிறரோடு சேர்ந்து அடிக்கடி உணவு உண்பவர்கள் தங்கள் வாழ்வை உயர்ந்த படியில் வைக்கிறார்கள். எது காரணம், எது விளைவு என்று அறுதியிட இயலாவிட்டாலும் அந்தத் தொடர்பு தெளிவானது. கொடுப்பவருக்கும் இதில் பங்குண்டு. 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 136 நாடுகளுள் 120இல் நன்கொடை வழங்கியோர் மற்றவரைக் காட்டிலும் மனநிறைவு மிக்கவராகக் காணப்பட்டனர். செல்வ நாடு, ஏழை நாடு என்ற பேதம் அதில் இல்லை.

அன்னதானத்திற்கு அள்ளி வழங்கும் நன்கொடையாளர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் கொடையால் ஓர் இலை நிறைகிறது. அந்த இலையின் முன் தனியே அமர்ந்திருக்கும் முதியவரிடம், “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால், “ஏதோ இருக்கேன்” என்பார். அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை அந்த ஒரு சொல் காட்டாது. பக்கத்தில் அமர்ந்து, “நேற்று எப்படிப் போச்சு?” என்று மறுபடியும் கேட்டுப் பாருங்கள்.

வழங்கும் கைகளுக்கு, கேட்கும் செவிகளையும் இறைவன் அருள்வானாக.